குறைந்தபட்சம் ஓர் இணை

ஸ்லீன் நகரில், பழைய செங்கல் தொழிற்கூடத்தின் நான்காம் மாடியில்
நாங்கள் ஒற்றைக் காலணி விற்கிறோம்.
இடது மட்டும். வலது மட்டும்.
அல்லது இடது முப்பத்தெட்டு, வலது நாற்பத்தொன்று:
ஒரே ஆளின் இரண்டு கால்கள்தான்,
ஒன்றை மட்டும் சிறு வயதில் காய்ச்சல் தொட்டுவிட்டுப் போயிருக்கும்.
மீந்த இடதுக்கு ஓலோமோட்ஸில் ஒரு பாதம் காத்திருக்கும்.

இதுவரை தொலைபேசி போதுமாயிருந்தது.
ஸ்திஸ்லாவா அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு
கோடு போட்ட நோட்டில் குறிப்பாள்: இ, வ, இ, இ, வ.
நான் பெட்டி கட்டுவேன்.
பிப்ரவரியில் அவள் கழுத்து பிடித்துக்கொண்டது.
மருத்துவர்தான் கேட்டார், இணையத்தில் விற்றால் என்ன?

ஆயத்தக் கடை, மாதம் எழுநூற்றுத் தொண்ணூறு கொரூனா.
ஒரே மாலையில் திறந்துவிட்டோம்.
தள்ளுவண்டிப் படம், தள்ளுபடிச் சீட்டு,
பிராட்டிஸ்லாவா வரை அஞ்சல் கட்டணம், எல்லாம் தானே வந்தன.
காலணி என்று தட்டியதும் கேட்டது: அளவு?
ஒரே ஒரு கட்டம்.
எண்ணிக்கை? அதனடியில் பொடி எழுத்தில்
குறைந்தபட்சம் ஓர் இணை.
அரை என்று போட்டுப் பார்த்தேன்.
சிவப்பில் சொன்னது: முழு எண் தருக.

எழுதித் தருகிற ஆள் ஓத்மார் வந்தான்.
வெள்ளைத்தாளில் இரண்டு பாதம் வரைந்தான்,
பாதத்துக்கு ஓர் அளவு, பாதத்துக்கு ஓர் இருப்புக் கணக்கு,
'இந்தக் கால் வேண்டாம்' என்று ஒரு பொத்தான்.
அழகாயிருந்தது. ஸ்திஸ்லாவா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஐந்து மாதம்.
"பழுதானால்?"
"என்னைக் கூப்பிடுங்கள்."
"நீ புர்னோவுக்குப் போய்விட்டால்? உனக்குச் சலித்துப்போனால்?"
அவன் ஆறிய காபியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

செருப்புக்காகக் காலை வெட்டாதே என்பார்கள்.
சரி. எங்கள் சேமிப்பு தொண்ணூறாயிரம்.
காலுக்காகக் கடையை விற்பதா என்று
யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

ஆகவே கணினியிடம் பொய் சொன்னோம்.
இடது ஒரு பொருள், வலது வேறொரு பொருள்.
இணை என்றால் ஒன்று என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம்.
அது நம்பியது.
ஆனால் செய்தவர்கள் அதற்குச் சில நல்ல பழக்கங்களையும்
சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.
இடது வாங்கியவரிடம் சொல்லும்:
இதை வாங்கியோர் வலதும் வாங்கினார்கள்.

ஏப்ரலில் கர்வினாவிலிருந்து ஒருவர்,
விதெஸ்லாவ் குபீச்செக், வலது, நாற்பத்து மூன்று, பழுப்பு,
கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போயிருக்கிறார்.
மறுநாள் காலை, எங்களுக்கே தெரியாமல்,
எங்கள் கடை அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறது:
அன்புள்ள விதெஸ்லாவ், எதையோ விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்!

அவர் பதில் எழுதியிருந்தார்:
"ஆமாம். நிலக்கரிச் சுரங்கத்தில், எண்ணூறு மீட்டர் ஆழத்தில்,
முழங்காலுக்குக் கீழே எல்லாம்.
நினைவூட்டியதற்கு நன்றி. அதை நான் திரும்பக் கேட்கவில்லை.
வங்கி அட்டையைத் தேடப் போனேன், அவ்வளவுதான்.
வலதை அனுப்புங்கள்."

ஸ்திஸ்லாவா இரண்டு முறை படித்தாள்.
முதல் முறை சிரித்தாள்.
பிறகு எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள்,
சுவிட்சைப் போடவில்லை.

அந்தக் கடிதத்தை நிறுத்த வழி இருந்தது.
அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள், அதற்குள் பதினேழாவது டிக்.
இலவசம்.
'இதை வாங்கியோர்' நிற்க வேண்டுமானால்
மாதம் இன்னும் நானூறு.
பில்லில் இணை என்ற சொல்லை எடுக்க எந்த விலையும் போட்டிருக்கவில்லை.

ஓத்மாரின் தாள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழே,
இரண்டு பாதமும் வாசலைப் பார்த்தபடி.
அவன் மாதம் ஒருமுறை அழைக்கிறான்.
இலையுதிர் காலம் வரட்டும் என்கிறாள்.
எந்த இலையுதிர் காலம் என்று அவன் கேட்பதில்லை.

பெட்டியை ஒட்டுமுன் ஒவ்வொரு பில்லையும் அவளிடம் நீட்டுகிறேன்.
'1 இணை' என்பதில் இரண்டாம் சொல்லை
நீலப் பேனாவால் அடித்து, மேலே எழுதுகிறாள்: வலது.
அடுத்தது: இடது.
இன்று அறுபத்திரண்டு.
கழுத்து சரியாகிவிட்டது.
இப்போது மணிக்கட்டு.