வாசித்து விளங்கப்படுத்தினேன்

கைது என்பது உடலைத் தொடுதல்.
அல்லது, சொல்லாலோ செயலாலோ அவர் பணிந்தால்
தொடத் தேவையில்லை.
பயிற்சிக் கல்லூரியில் இதற்கு ஐந்து புள்ளி.
எனக்கு நாலு.
'அல்லது' என்ற சொல்லை விட்டுவிட்டேனாம்.

முரசுமோட்டை வாய்க்கால் கட்டில்
நாங்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்த முதலே
கஜரூபன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.
பத்தொன்பது வயது. முழங்கால்வரை சேறு.
பக்கத்தில் சாக்குப் போட்டு மூடிய வாட்டர் பம்ப்,
இன்னும் சூடு ஆறவில்லை.
நான் அவனைத் தொடவில்லை.
காரணம் சொன்னேன், தமிழில், முழுவதுமாக.
தலையாட்டினான்.
கடிகாரம் பார்த்தேன்: ஆறு இருபது.
நாளை ஆறு இருபதுக்குள் நீதவான் முன்னால்,
பயண நேரம் நீங்கலாக.
தெருவின் குண்டு குழிகளைச் சட்டம்
கணக்கில் எடுத்திருக்கிறது.

நிலையத்தில் சாஜன் விஜேகோன் எழுதினார்.
இருபத்துமூன்று வருடக் கையெழுத்து,
ஒரே மூச்சில் ஓடும்.
அவன் தமிழில் சொன்னான்,
நான் சிங்களத்தில் சொன்னேன்,
அவர் எழுதினார்.
"கையெழுத்து வாங்கு," என்றார்.

எட்டு வயதில், செட்டிகுளத்துக் கூடாரத்தில்,
அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்.
என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.
அன்று அரிசி தந்தார்கள்.
அதனால் அது அரிசிக்கான தாள் என்று
வைத்துக்கொண்டோம்.

"சேர், வாசிச்சுக் காட்டோணும்."
"வாசி. கெதியா."

வாசித்தேன்.
அவன் பெயர், அவன் ஊர், பம்பின் நிறம்,
தவபாலசிங்கத்தின் வளவு, விடியப்புறம் மூன்று மணி.
ஏழாவது வரியில் நாக்கு நின்றது:
விற்பதற்காக எடுத்துச் சென்றேன்.

"அப்பிடி நான் சொல்லேல்லை அக்கா.
ரெண்டு நாள் இறைச்சிட்டுக்
கொண்டுபோய் வைப்பம் எண்டுதான்.
பயிர் கருகுது."

சாஜனுக்கு மொழிபெயர்த்தேன்.
கொட்டாவி விட்டார். கோபப்படவில்லை.
"களவெடுக்கிறவன் விக்கத்தானே எடுப்பான்.
எங்களிட்டைச் சொன்ன ஒப்புதல்
கோட்டில செல்லாது, படிக்கேல்லையா?"
"படிச்சனான் சேர்.
செல்லாததை ஏன் சேர் கூட்டி எழுதுவான்?"

மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
எனக்கு வேலையில் நாற்பத்தோராவது நாள்.
அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

அழிக்கக்கூடாது. வெள்ளை மை பூசக்கூடாது.
தாளைக் கிழிக்கவே கூடாது.
ஒரே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே இருப்பது
நாளைக்கும் வாசிக்கக்கூடியதாய் இருக்கவேண்டும்.
ஓரத்தில் சுருக்கொப்பம், திகதி.
கோட்டை நான் இழுத்தேன்.
சுருக்கொப்பத்தை அவர் போட்டார்.
மேலே புதிதாக எழுதினோம்:
திருப்பிக் கொடுக்கும் எண்ணத்துடன்.
அதை நீதவான் நம்பலாம், நம்பாமல் விடலாம்.
அது எங்கள் வேலை இல்லை.
அதற்கு இரண்டு புள்ளி.

கையெழுத்துப் போட்டபின் கஜரூபன் கேட்டான்:
"அக்கா, வரம்பு வெட்டினது மூடேல்லை.
இறைச்ச தண்ணி முழுக்கத் திரும்பி ஓடியிடும்.
ஆரும் போவினமோ?"

பம்புக்குச் சான்றுப்பொருள் இலக்கம் கட்டியிருந்தோம்.
வரம்புக்கு இலக்கம் இல்லை.
முறைப்பாட்டாளருக்குத்தான் அழைத்தேன்,
பம்ப் கிடைத்ததை அறிவிக்கும் சாட்டில்.
தவபாலசிங்கம் முதலில் திட்டினார்,
பொடியனை, பொலிசை, மழையை.
பிறகு ஒரு இருமல்.
"எந்த வயல்? கொய்யா மரத்தடியோ?"
"ஓம்."
"என்ர பம்பில, என்ர எண்ணெயில
இறைச்ச தண்ணியெல்லோ பிள்ளை.
விடுவனோ? நான் போய்க் கட்டுறன்."

தகவல் புத்தகத்தில் பதிந்தேன்.
நேரம் 22.05.
முறைப்பாட்டாளர் மண்வெட்டியுடன் புறப்பட்டார்.