ரிவர்ஸ் விழாத வண்டி

மூவாயிரத்து ஐந்நூற்று ஒன்பது.
கூட்டினால் எட்டு.
எட்டு ஆகாதுங்க என்று
பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் மூன்று பேராம்.
எனக்கு அதில் ஐயாயிரம் குறைந்தது.

ஏலச்சீட்டு எடுத்த பணம், மஞ்சப்பையில்,
மேலே இரண்டு பனியன் போட்டு மூடி
அவிநாசிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன்.
பல் டாக்டர் இரண்டு தடவை எண்ணினார்.
வண்டியைக் கேட்டைப் பார்த்தே நிறுத்தியிருந்தார்.
அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

சிவன்மலையில் பூசை.
நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம்,
நசுக்கிக்கொண்டு முன்னால் போனது சரி.
எதிரே கல்யாண வேன் ஒன்று ஏறி வந்து
'அக்கா, சித்தெ பின்னாடி எடுங்கோ' என்றான் டிரைவர்.
எடுத்தேன்.
ஆட்டாங்கல்லில் ஆணியைப் போட்டு ஆட்டின சத்தம்.
வேனில் இருந்த ஒறம்பரை மொத்தமும்
பட்டுச்சேலையோடு இறங்கி நின்று வேடிக்கை பார்த்தது.

சிராஜ் அடியில் படுத்துப் பார்த்தான்.
'பன்னெண்டாயிரம் ஆகுங்க்கா.
முன்னாடி நாலு கியரும் முத்தாட்டம் இருக்குது.
பின்னாடி போறதுக்கு உங்களுக்கு
அப்புடி என்னங்க்கா வேலை?'

அதற்குப் பிறகு திருப்பூர் எனக்கு வேறு ஊர்.
எந்தச் சந்து முட்டுச்சந்து,
எந்தச் சாயப்பட்டறை வாசலில் லாரி வட்டமடிக்கும்,
எந்த பேக்கரிக்கு முன்னால்
சரிவு இருக்கிறது, தானே உருளும்,
எல்லாம் மனப்பாடம்.
நொய்யல் பாலத்தில் காலையில் சிவப்பு ஓடும்,
சாயங்காலம் ஊதா.
பின்சீட் நிறைய சேம்பிள் பீஸ்,
இஸ்திரிச் சூடு ஆறாத துணிவாசம்.
அந்த வாசத்துக்கு நடுவில் நான்
ஏசி இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு,
மூன்றாவது கியரில் மகாராணி.

சென்னியப்பன் என்று இங்கே எழுதுகிறேன்,
வாயால் சொன்னதில்லை.
கட்டிங் மாஸ்டர்.
'எனக்குக் கத்திரி போதும், ஸ்டீரிங் நீயே வெச்சுக்கோ'
என்று இடது சீட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி வருவார்.
எங்காவது மாட்டிக்கொண்டால்
ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்து இறங்குவார்.
வேட்டியை மடித்துக் கட்டி,
இரண்டு உள்ளங்கையையும் பானெட்டில் ஊன்றி,
என்னைப் பார்த்தபடியே தள்ளுவார்.

கல்யாணமாகிப் பதினோரு வருசம்.
அவ்வளவு நேரம் நேருக்கு நேர்
நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை.
கழுத்து நரம்பு புடைக்கும்,
மீசையில் வேர்வை நிற்கும்,
வலது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதே
அந்தக் கண்ணாடி வழியாகத்தான் தெரிந்தது.
நான் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் சுவரை.
இரண்டு முறை இடித்ததற்கு
காரணம் கேட்டார் சிராஜின் அப்பா.
என்னத்தைச் சொல்ல.

பீளமேடு ஏர்போர்ட்டில் ஒரு ராத்திரி,
நாற்பது பீஸ், விடிந்தால் சரக்கு கேன்சல்.
தப்பான கேட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.
விசில் ஊதிக்கொண்டு வந்த போலீஸ்காரர்
இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தொப்பியைக் கழற்றி என் மடியில் கொடுத்துவிட்டு
அவரும் ஒரு பக்கம் தள்ளினார்.

குன்னத்தூர் டீக்கடைக்காரருக்கு விற்றபோது
முதலிலேயே சொல்லிவிட்டேன், ரிவர்ஸ் விழாது.
எட்டாயிரம் குறைத்துக்கொண்டார்.
எட்டு தன் வேலையைக் காட்டியது அன்றைக்குத்தான்.

இப்போது இருப்பது நாலாவது வண்டி.
பின்னால் கேமரா.
பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு,
ஒரு பூனை குறுக்கே போனால்கூடக் கத்தும்.
போன வாரம் காந்திபுரத்தில்,
ஜவுளிக்கடை பார்க்கிங்கில் ரிவர்ஸ் போட்டேன்.
பீப் பீப் என்றது.
பாதித் தூக்கத்திலிருந்த மனுசன்
பெல்ட்டைக் கழற்றி
கதவைத் திறந்துவிட்டார்.