வெறுங்கை முழம்

போர்கார்நெஸ் போகும் சாலை, மலையடிவாரம்.
பலகையில் எரிகிறது:
காற்று 0.
என் மீன் லாரியோ
நின்ற இடத்திலேயே தள்ளாடுகிறது.
முன்னால் நின்ற காரின் கதவு
கீல் பிய்ந்து
கடல் பக்கம் போய்விட்டது.

சாலைத்துறை ஹல்பெரா வந்தாள்,
இடுப்பில் கயிறு, வாயில் வசவு.
கம்பத்தின் அடிமூட்டைக் கழற்றிச்
சாய்த்தாள்.
உச்சியில் மூன்று கிண்ணங்கள்,
மூன்றிலும் பனி இறுகி.

குழிந்த பக்கம் காற்றைப் பிடித்துக்கொள்ளும்,
குவிந்த முதுகு வழுக்கி விட்டுவிடும்.
அந்த ஓரவஞ்சனையில்தான் அது சுற்றுவது.
சுற்றுக்கு ஒரு துடிப்பு;
நொடிக்கு எத்தனை என்று எண்ணினால்
காற்றின் வேகம்.
வெறுங்கை முழம் போடாது என்பார்கள்.
இங்கே
நிறைந்த கைதான் போடவில்லை.

ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்ட
ஓடு ஓடாய்ப் பெயர்ந்தது.
கம்பம் நிமிர்ந்ததும்
ஒரு கிண்ணம் தயங்கியது,
பிறகு மூன்றும் காணாமல் போய்
ஒரு வளையம்.

9.
19.
28.
சிவப்பு விளக்கு. சாலை மூடல்.

நல்லது.
இவ்வளவு நேரம் பயந்ததற்கு
இப்போது ஓர் எண் இருக்கிறது.

ஹல்பெராவுக்கு ஃபிளாஸ்க் மூடியில்
காபி ஊற்றி நீட்டினேன்.
அவள் வாங்குவதற்குள்
காற்று குடித்துவிட்டது.