தொட்டித் தண்ணீர்

டிசம்பர் இரண்டாம் தேதி
பாசிர் பாஞ்சாங்கிலிருந்து குளிர்ப்பெட்டி வந்தது.
கதவைத் திறந்தோம்.
யாருடையதோ ஒரு குளிர்காலம்
புகையாக இறங்கி, வெயிலில் இரண்டடி நடந்து
காணாமல் போனது.
உள்ளே முந்நூறு மரங்கள்
வலைக்குள் கைகட்டிப் படுத்திருந்தன.

நான் லாரிக்காரன். அருளப்பன்.
ஞாயிறு லூர்து மாதா கோயில்,
மற்ற நாள் தாம்சன் சாலை நாற்றுப்பண்ணை.

பனி மூடிய ஊரில்
எல்லாம் மொட்டையாக நின்றபோது
இது மட்டும் பச்சையாக நின்றதாம்.
அதற்காகவே வீட்டுக்குள் அழைத்தார்களாம்.
இங்கே தூங்குமூஞ்சி மரம்கூட
வருடம் முழுக்கப் பச்சை.
ஆனாலும் வாங்குகிறார்கள்.
வாசனைக்கு, என்றார் கத்தோங் திருமதி தெசேரா.
பிள்ளை கேட்டான், என்றார் சொங் பாங் நவநீதம்;
கார்த்திகைக்குக் கட்டிய மாவிலை
அவர் நிலைப்படியில் இன்னும் முழுதாய்க் காயவில்லை.

எங்கோ அடுப்பில் இரவெல்லாம் எரிந்த கட்டை
பாரிஸில் கேக்காகச் சுருண்டு,
பொங்கோலில் வயிற்றுக்குள் டுரியான் வாங்கிக்கொண்டு
குளிர்பதனப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.
நெருப்பாக இருந்ததாயிற்றே என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கிளைகளில் மெழுகுவத்தி ஏற்றிய காலத்தில்
பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருந்ததாம்.
வத்தி போனது, வாளியும் போனது.
தேதியே பிற்பாடு வந்ததுதானே?
லூக்கா எழுதியதில் மேய்ப்பர் உண்டு, மந்தை உண்டு,
நாள் கிழமை இல்லை.

பதினான்காம் மாடி.
மின்தூக்கிக்குள் மரம் நுழையவில்லை.
ஷாஹீனும் நானும் படியேறினோம்.
ஒன்பதாவது மாடியில் அவன் உட்கார்ந்துவிட்டான்:
"அண்ணே, இயேசு இதையா கேட்டார்?"
நல்லவேளை, எனக்கு மூச்சு வாங்கியது.

மரத்தை நிறுத்தி, அடித்தொட்டியில் நீர் ஊற்றி
வீட்டுக்கு வீடு கடைசியாக நான் சொல்வது:
"கொசு முட்டை போடும்.
இந்த மணல் மருந்து ஒரு கரண்டி போடுங்க.
சோதனைக்கு வர்றவங்க
நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க,
தொட்டியைத்தான் குனிஞ்சு பார்ப்பாங்க."

ஹவ்காங்கில் போன வருடம் சொன்ன அதே வீடு.
ஆறு வயதுக்காரி, பெயர் ஜெரால்டின்,
புது உடுப்பில்
கரண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி
கதவருகே காத்திருந்தாள்.
முதலில் மருந்து, பிறகுதான் விளக்கு,
நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் கடைசி என்றாள்.
அவள் தம்பி பக்கத்தில் கைகூப்பி நிற்க வேண்டுமாம்.

யார் சொன்னது, என்றேன்.

யாரும் சொல்லல அங்கிள்,
எப்பவுமே இப்படித்தான்.