நிழலுக்குச் சில நூல்கள்

எங்கள் முற்றத்துக்குக் கிணறு என்று பெயர்.
நான்கு பக்கமும் ஐந்து மாடி,
மேலே மூடியைக் கொஞ்சம் நகர்த்தியதுபோல்
ஒரு துண்டு வானம்.
ஜூன் மாதம் பதினொன்று பத்துக்கு வெயில் இறங்கும்.
குப்பைத் தொட்டிகளைத் தொட்டுவிட்டு
பதினொன்று ஐம்பதுக்குக் கிளம்பிவிடும்,
மின்கணக்கு எடுக்க வந்த ஆள்போல.

ஊர்ப் பெயர் வூச். போலிஷ் மொழியில் படகு.
ஆறுகளைக் குழாயில் அடைத்து
மேலே டிராம் ஓட்டுகிற ஊருக்குப் படகு என்று பெயர்.
இங்கே பெயர்களோடு யாரும் சண்டை போடுவதில்லை.

அடுமனையில் எனக்கு இரவு வேலை.
காலையில் மாவுக் கையோடு வந்து
இரண்டு வருடம் சூரியகாந்தி விதைத்தேன்.
அது வானத்தைத் தேடித் தேடி
நூல் மாதிரி நீண்டு, ஒருநாள் படுத்துக்கொண்டது.
ஜெரேனியம் மூன்று வாரம் யோசித்துச் செத்தது.

நூலகத்தில் ஜெனோபியாவிடம் கேட்டேன்:
நிழலில் தோட்டம் போட என்ன படிக்கலாம்?
கணினியைத் தொடாமல் ஏணியைத் தள்ளிக்கொண்டு போனாள்.
மூன்று புத்தகம் வந்தது.

முதலாவது வழவழப்பான தாள்.
பக்கத்துக்குப் பக்கம் இங்கிலாந்துப் பனித்துளி,
எனக்கு ஒரு மாதச் சம்பளம் ஆகும் ஹோஸ்டா.
படம் பார்த்தேன். படுக்கையிலேயே தூங்கிப்போனேன்.

இரண்டாவது, என் அப்பா காலத்துக் கையேடு.
உருளைக்கிழங்குக்கு நாற்பது பக்கம்.
நிழலுக்கு ஒரே வரி:
"இங்கே எதுவும் நட வேண்டாம். விறகு அடுக்கலாம்."
அந்த நேர்மைக்காக இரண்டு முறை படித்தேன்.

மூன்றாவது தோட்டப் புத்தகமே அல்ல.
பழைய கல்லறைத் தோட்டத்துக்கு வழிகாட்டி.
எந்தக் கல்லின்கீழ் எந்த ஆலை முதலாளி,
எந்தச் சிலைக்கு மூக்கு இல்லை,
அடிக்குறிப்பில், சின்ன எழுத்தில்,
யாரும் தண்ணீர் ஊற்றாமல் அங்கே வளர்பவை:
ஐவி, பெரணி, மூன்று வகைப் பாசி,
நீலப் பூ பூக்கும் பார்வினெக் கொடி.

அடிக்குறிப்பை மட்டும் நட்டேன்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
கிணற்றடியில் இருப்பவர்களுக்கு அது தலைகீழ்.
ஆனால் பார்வினெக்குக்கு இரண்டும் தெரியாது.
மே மாதத்துக்குள் குழாயடி வரை வந்துவிட்டது.

முதல் மாடி கெர்வாஸி கூட்டத்தில் எழுந்தார்:
"அது கல்லறைக் கொடி.
உயிரோடு இருக்கும்போதே எங்களை எதற்கு மூடுகிறாய்?"

நான் அடிக்குறிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான்காம் மாடி லுட்மிவா பின்னலை நிறுத்தவில்லை.
"அது கல்யாணக் கொடி.
என் மூன்று கல்யாணத்துக்கும் தலையில் வைத்தேன்."

"அந்த மூன்று பேர் இப்போது எங்கே?"

"இரண்டு பேர் அந்தக் கொடிக்குக் கீழே," என்றாள்,
"ஒருத்தன் கனடாவில்."

சிரிப்பு ஐந்து மாடிக்கும் ஏறிப்போனது.
கிணற்றில் சத்தம் வேகமாக ஏறும்.
தீர்மானம் எதுவும் எழுதவில்லை.
சைக்கிள் கொட்டகைக்குப் பூட்டு வாங்குவது பற்றிப்
பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

புத்தகத்தைத் திருப்பப் பதினோரு நாள் தாமதம்.
நடுப்பக்கத்தில் என் மாவு, கொஞ்சம் மண்.
ஜெனோபியா ஊதித் தட்டினாள். காசு வாங்கினாள்.
இன்னொரு முறை எடுத்துப்போகட்டுமா என்றேன்.
முடியாது, ஒருவர் பதிந்து வைத்திருக்கிறார் என்றாள்.
பெயர் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.
ஆனால் அட்டையில் செருகியிருந்த சீட்டில்
எங்கள் தெரு, எங்கள் கதவு எண்,
முதல் மாடி.

சொல்ல மறந்துவிட்டேன்:
கெர்வாஸியின் விறகு அடுக்குக்குப் பின்னால்,
குழாய் கசிகிற இடத்தில்,
ஒரு பெரணி தானாக முளைத்திருக்கிறது.
நான் நட்டதல்ல.