பதினேழாம் மதகு

திருகுக் கம்பி ஒன்றுதான்.
சைக்கிள் பாரில் சணல் கயிறு சுற்றிக் கட்டியிருக்கிறேன்.
காகிதம் நாலு வந்துவிட்டது.

முதலில் அரசாணை.
ஒற்றைப்படை மதகெல்லாம் தை இருபதில் திறக்க.
கடலை, எள். நெல் கூடாது.
ராக்கியண்ணன் நாற்று விட்டுவிட்டு வந்துதான்
அதை எனக்கு வாசித்துக் காட்டினார், கண்ணாடி மாட்டி.

அடுத்தது பாசன சபைத் தீர்மானம்:
எட்டு நாள் திற, எட்டு நாள் அடை.
"இதுக்கும் சட்டம் இருக்குதுங்க லஸ்கரு."
தலைவர் வெள்ளியங்கிரி பச்சைப் புத்தகத்தில்
ஓரம் மடித்த பக்கத்தை விரலால் தட்டினார்.

மாரியம்மனுக்குக் கம்பம் நட்டால்
பிடுங்கும் நாள்வரை வாய்க்கால் காயக் கூடாது.
அது மாமூல்.
அணை வந்து ஆறாம் வருசம் ஆரம்பித்தது.
ஞாபகத்துக்கு எட்டாத காலத்து வழக்கம் என்று
முன்சீப்பு தீர்ப்பில் எழுதிவிட்டார்.
பூசாரி அதை லேமினேட் பண்ணி
விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

கடைசியாக ஐகோர்ட்டு.
பதினஞ்சாம் மதகுக்காரர் போட்ட வழக்கில்,
மறு உத்தரவு வரும்வரை
நிலைமை உள்ளபடியே நீடிக்க வேண்டும்.

உள்ளபடி என்றால்?
உத்தரவு வந்த செவ்வாய்க்கிழமை
மதகு அடைத்தும் இல்லை, திறந்தும் இல்லை.
ரப்பர் பட்டை அரித்துப்போய்
ரெண்டு விரற்கடைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
திறந்தால் கோர்ட்டு அவமதிப்பு.
ஒழுக்கை அடைத்தாலும் அதுதானே?

ஏ.ஈ.க்குப் போன் போட்டேன்.
"சட்டப்படி செய்யப்பா."
"எந்தச் சட்டப்படிங்க?"
சென்னிமலைப் பக்கம் சிக்னல் எப்பவும் இப்படித்தான்.

மதகுக்குக் கீழே பாவாயிக்கு முக்கால் ஏக்கர்.
ஆயக்கட்டுக் கணக்கில் அது மேய்ச்சல் கரடு.
அரசாணைக்குத் தெரியாது. சபையில் ஓட்டில்லை.
கோயில் வரி அவள் தெருவில் வாங்குவதில்லை.
வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல.
ஒழுக்குத் தண்ணீரில்
அவள் எள்ளு பூத்து நிற்கிறது.

"வாய்தா எப்பங்க?" என்று மட்டும் கேட்டாள்.
ஏப்ரல் இருபத்திரண்டு என்றேன்.
விரல் மடக்கி எண்ணினாள்.
"அதுக்குள்ள காய் முத்தீருமுங்க."

பதிவேட்டில் தினமும் ஒரே வரி எழுதுகிறேன்:
நிலைமை, உள்ளபடி.
புது ரப்பர் பட்டை போன வாரமே
ஆபீசிலிருந்து வந்தாயிற்று.
கரைக்கல் சுடுகிறது.
அதை நாலாக மடித்துப் போட்டு
மேலே உட்கார்ந்திருக்கிறேன்.