நான்கு இலக்கம்

பாம்பன் பாலம் முடிந்து ஒன்பதாவது நிமிடம்.
ஒன்பது என்று பிறகுதான் எண்ணினேன்.
அதை நொடிகளாக உடைத்தேன்,
பாலத்துக் கைப்பிடிச் சுவரின் உயரத்தால் பெருக்கினேன்,
கீழே இருக்கும் தண்ணீரால் பெருக்கினேன்.
அந்தக் கணக்கு இப்போது வேண்டாம்.

மண்டபம் தாண்டியிருந்தது. விடியாத நாலரை.
பின்னால், நடிகையின் சோபாவில்
காஸ்ட்யூம் செலின் உறங்கிக்கொண்டிருந்தாள்.
ஆள் ஏற்றக்கூடாது என்பது விதி.
முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு என்பதும் விதிதான்.

முன் இடது டயர் வெடித்தது.
சத்தம் காதில் விழவில்லை, தொடையில் விழுந்தது.
ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது,
கயிறறுத்த மாடு ஊருணியைக் கண்டதுபோல.
இடப்பக்கம், சாலையின் ஓரத்தில்
ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி,
இரண்டு கூடை நண்டு,
கூடைகளுக்கு முன்னால் ஒரு முதுகு.

வலது கால் அப்போது என் கால் இல்லை.
அதற்குத் தெரிந்தது ஒரே சொல்: மிதி.
பிரேக்கை மிதித்தால்
வெடித்த பக்கம் வண்டி மண்டியிடும்,
பின்பக்கம் சுழன்று முன்னால் வரும்,
கண்ணாடி, குளிர்சாதனம், ஜெனரேட்டர், செலின்
எல்லாம் சேர்ந்து.
இது எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது.

ஆக்சிலேட்டரில் அதை ஆணியடித்து வைத்தேன்.
ஒரு மயிரிழை கூடவே கொடுத்தேன்.
வேகத்துக்கு இல்லை,
இடறியவன் விழாமலிருக்க
இன்னும் ஓர் எட்டு வைப்பானே, அதற்கு.
இரண்டு கையும் வளையத்தில்,
கண் வெள்ளைக் கோட்டில்.
பிறகு காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன்,
தூங்கும் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை எடுப்பதுபோல.
எழுபது. ஐம்பத்தைந்து. முப்பது.
ரப்பர் கிழிந்து தகரத்தில் அறைந்துகொண்டே வந்தது.

நண்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
எங்கோ திருவிழா என்று நினைத்திருப்பார்.

கருவேல மரங்களை ஒட்டி நிறுத்தி
முக்கோணத்தை ஐம்பது தப்படி பின்னால் வைத்துவிட்டு
டார்ச்சைப் பிடித்தேன்.
கிழிந்த தோலில் நான்கு இலக்கம் மட்டும்
கிழியாமல் இருந்தது: 2715.
இருபத்தேழாம் வாரம், இரண்டாயிரத்துப் பதினைந்து.

சித்திரையில் இதே எண்ணை
மேனேஜர் குணாளனுக்குப் படித்துக் காட்டினேன்.
"பட்டன் அப்படியே இருக்குய்யா, தொட்டுப் பாரு."
தொட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.
லாரி ஓடித் தேயும். கேரவன் நின்று சாகும்.
முகுந்தராயர் சத்திரத்து மணலில்
நாற்பத்தொரு நாள் நின்றது,
அதே இடத்தில் அதே எடை,
பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் உப்பு.
கிளம்பும்முன் காற்று பார்த்தேன்,
டயர் குளிர்ந்திருக்கும்போதே. நூற்றுப் பத்து. குறையில்லை.
காற்றின் மேல் எந்தப் புகாரும் இல்லை.
"சரி சார்" என்று சித்திரையில் சொன்னேனே,
அந்தச் சரியும் சேர்ந்துதான்
அத்தனை நாள் அங்கே நின்றிருக்கிறது.

ஸ்டெப்னியை இறக்கினேன்.
உறை பிரிக்காத கறுப்பு, கல்யாண மாப்பிள்ளை போல.
திருப்பிப் பார்த்தேன்.
2715.

உச்சிப்புளி அபுதாகிர் போனை எடுத்தார்.
"அந்த அளவு ராமநாதபுரத்துலதான். கடை ஒம்பதுக்கு."
மதுரையில் ஏழு மணிக்கு முதல் ஷாட்.
குணாளனிடம் சொன்னேன்:
"வண்டி இங்கதான் சார் நிக்கும்."
அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே
செலின் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்,
கன்னத்தில் சோபாவின் தையல் கோடு.
"ராம்நாடு வந்துருச்சாண்ணே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான்
வலது கால் நடுங்கத் தொடங்கியது.
ஸ்டெப்னி மேல் உட்கார்ந்து
அதை நடுங்க விட்டேன்.
போன் மறுபடி அடித்தது.